அப்பா வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் புது கேம்: எதை முதலில் மாற்றுவது?

வெள்ளிமீன்:

வணக்கம். கம்ப்யூட்டரை இதுவரை திறந்து பார்த்ததில்லை. தெரிந்த வார்த்தைகளில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

வீட்டில் 2014-இல் அப்பா வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. நான் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதையும் செய்தது அதில்தான். இப்போது அது தம்பியின் கையில். பிராசசர் இன்டெல் கோர் ஐ5-4570. ராம் 8 ஜிபி, ஒரே ஸ்டிக். எச்81 மதர்போர்டு. 1 டிபி ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 2 ஜிபி. எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மானிட்டர் 1080பி, நீல நிற விஜிஏ கேபிளில் ஓடுகிறது.

தம்பி பரீட்சை முடியட்டும் என்று இரண்டு கேம்களுக்காகக் காத்திருந்தான். ஒன்று ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, இன்னொன்று பால்டர்ஸ் கேட் 3. முதலாவதைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டான். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அடியில் வைத்தும் குதிரை ஓடும்போது படம் விட்டு விட்டு வருகிறது. ஊருக்குள் நுழைந்தால் இரண்டு மூன்று விநாடி அப்படியே உறைந்து நின்று, பிறகுதான் நகர்கிறது. அரை மணி நேரம் போனால் ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது.

அவனுடைய நண்பன் ஒருவன், "நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும்" என்கிறான். இன்னொருவன், "நாலாம் தலைமுறை பிராசசரில் காசைக் கொட்டாதே, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு" என்கிறான். கார்டு விசாரித்தால் எஸ்எம்பிஎஸ் தாங்காது என்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் விசாரித்தால், பிராசசர் பழசு, எதற்கு வீண் செலவு என்கிறார்கள். சுற்றிச் சுற்றி வந்த இடத்திலேயே நிற்கிறேன்.

கையில் இருப்பது ஒரு நடுத்தரக் கார்டு வாங்கும் அளவுக்குப் பணம், அதற்கு மேல் கொஞ்சம். தப்பான பொருளை வாங்கிவிட்டால் மறுபடி சேர்க்க ஒரு வருடம் ஆகும். அந்தப் பயத்தில்தான் இங்கே கேட்கிறேன். அப்பா வாங்கிய பெட்டி என்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஒரே காரணத்துக்காகப் பணத்தை வீணாக்கவும் விருப்பமில்லை. இதில் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? இருந்தால், எதை முதலில்?

இரவுப்பறவை:

என் கருத்து, இதில் செலவு செய்யாதீர்கள். ஐ5-4570-இல் 4 கோர் (கணக்குப் போடும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசை). இப்போது சாதாரணமாக எல்லோரும் போடும் ரைசன் 5 5600-இல் 6 கோர், 12 த்ரெட். புது கேம்கள் 6 கோரை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் இந்த பிராசசர் அதற்கு வேலை கொடுக்கத் திணறும். பணத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பொறுங்கள். மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

மின்கம்பி:

இரவுப்பறவை சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் நீங்கள் கேட்டது எல்லாப் புது கேமையும் பற்றி அல்ல, இரண்டு கேம்களைப் பற்றி. அந்த இரண்டுக்கும் கேம் வெளியிட்டவர்களே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ரெட் டெட் 2 கணினிக்கு வந்தது 2019-இல். பரிந்துரைப் பட்டியலில் இருக்கும் பிராசசர் ஐ7-4770கே. உங்கள் மதர்போர்டில் உட்காரும் அதே தலைமுறை அது. கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, ராம் 12 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3-இன் குறைந்தபட்சத்தில் ஐ5-4690, கார்டு ஜிடிஎக்ஸ் 970, ராம் 8 ஜிபி, கூடவே எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். ஐ5-4690 உங்கள் 4570-க்கு அண்ணன், அவ்வளவுதான். ஆக இந்த இரண்டு கேம்களைப் பொறுத்தவரை உங்கள் பெட்டி வாசலுக்கு வெளியே இல்லை, வாசற்படியில் நிற்கிறது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கார்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். எங்கே மாட்டிக்கொண்டு திணறுகிறது என்று பெட்டியையே கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் பல பேருக்குக் காசு மிஞ்சியிருக்கும். அதனால் ஒரு பைசா செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, எந்த நிறுவனத்துக் கார்டிலும் ஓடும். அதோடு ரிவாட்யூனர் சேர்ந்தே வரும். இரண்டையும் போட்டால் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரியும். கார்டின் பயன்பாடு, கார்டின் நினைவகம், பிராசசரின் ஒவ்வொரு கோரும் தனித்தனியாக, ராம், இரண்டின் சூடு, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்). இவ்வளவையும் வரச் செய்து, தம்பியைக் கால் மணி நேரம் விளையாடச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் ஒரு தடவை, செயின்ட் டெனிஸ் நகரத்துக்குள் ஒரு தடவை. அந்தக் கேமில் பிராசசரை அதிகம் பிழியும் இடம் அந்த நகரம்தான்.

படிக்கும் விதம் எளிது. கார்டின் பயன்பாடு 97, 98 என்று ஒட்டிக்கொண்டு நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60-க்கு இறங்கி, நாலு கோரும் 100-ஐத் தொட்டால் பிராசசர்தான் தடை. இரண்டும் இல்லாமல், ராம் விளிம்பு வரை நிறைந்து, முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்போது படம் உறைந்தால், அது கார்டின் குற்றமே இல்லை.

நீங்கள் சொன்ன "ஊருக்குள் நுழைந்தால் இரண்டு மூன்று விநாடி" எனக்கு அந்த மூன்றாவது ரகமாகத்தான் படுகிறது. ஊருக்குள் நுழையும்போது புதுக் கட்டடம், புது ஆள், புதுச் சத்தம் எல்லாம் டிஸ்கிலிருந்து வர வேண்டும். 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக இடம் இல்லாமல், விண்டோஸ் பழையதை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் புதியதைப் படிக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்கின் ஊசி ஒரே நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். எழுத ஓடும், படிக்க ஓடும், மறுபடி எழுத ஓடும். அந்த ஓட்டம்தான் உங்கள் இரண்டு மூன்று விநாடி. ராம் ஒரே ஸ்டிக்காக இருப்பது இன்னொரு கேடு. எச்81-இல் இரண்டு ஸ்லாட், இரண்டு பாதை. ஒரு ஸ்டிக் என்றால் ஒரு பாதை மூடிக் கிடக்கிறது. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 (உங்கள் போர்டு ஏற்கும் ராம் வகை) போட்டால் இடமும் இரட்டிப்பு, பாதையும் இரட்டிப்பு.

அப்புறம் அந்த ஃபேன் சத்தம். 2014-இலிருந்து திறக்கவே இல்லை என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பிராசசர் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியப் பட்டைகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி படர்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். தூரிகையால் நுனியில் கிளப்பினால் ஒரு துண்டாகவே எழுந்து வரும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுக் கார்டு போட்டால் சூடு கூடும், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இந்த பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் அதைத்தான் செய்யும்.

கழற்றுவது பயப்படும் வேலை இல்லை. கரண்ட் இணைப்பை எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் இருக்கும் கருப்புப் பின்னை அம்புக்குறி காட்டும் பக்கம் கால்வட்டம் திருப்பி மேலே இழுத்தால் வந்துவிடும். அடியில், பிராசசரின் சூட்டை அந்தப் பட்டைகளுக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும். துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட். திரும்ப மாட்டும்போது பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் "டக்" என்று சொல்ல வேண்டும். மூன்று சொல்லி ஒன்று சொல்லாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். அந்த ஒரு மூலை தூக்கியிருந்தால் போதும், சூடு இறங்காது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மேலே பெரிதாக எழுதியிருக்கும் 450-ஐ மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 12-ஐ அந்த ஆம்பியரால் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் வாட்ஸ். 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கையெல்லாம் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டியிருப்பார்கள்.

பல வருடத்துக்கு முன் ஒரு பையனுக்கு தனியாக 8 பின் மின் வயர் கேட்கும் கார்டு ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து மாற்றித் தரும் இணைப்பு ஒன்று கிடைக்கும், அதைப் போட்டேன். ஓடியது. பத்து நாள் கழித்து அழைத்தான். பெட்டியைத் திறந்தபோது வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனை இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒரு சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் தரக்கூடியது 54 வாட்ஸ். 8 பின் வயர் 150 வரை கேட்கலாம். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளருக்கும் அந்த இணைப்பை நான் மாட்டியதில்லை. நீங்களும் மாட்டாதீர்கள், யார் கொடுத்தாலும்.

எண்களையும் அந்த லேபிளில் உள்ளதையும் எழுதுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

வெள்ளிமீன்:

அண்ணா, மிக்க நன்றி. நேற்று இரவு தம்பியும் நானும் உட்கார்ந்து எழுதினோம்.

வெட்டவெளியில்: எஃப்பிஎஸ் 26 முதல் 30. கார்டு 98, 99 என்றே நிற்கிறது. கார்டின் நினைவகம் 1.9 ஜிபி. பிராசசர் 70 பக்கம். ராம் 7.6 ஜிபி. பிராசசரின் சூடு 94.

செயின்ட் டெனிஸில்: எஃப்பிஎஸ் 19, 20. கார்டு 98-இல் இருந்து சில நேரம் 70-க்கு இறங்குகிறது. கோர்கள் 95, 100. ராம் 7.8. நுழைந்த உடனே உறைந்தபோது நீங்கள் சொன்ன அந்த விளக்கைப் பார்த்தேன், அணையவே இல்லை. சூடு 97.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் +12வி நேராக 18ஏ என்று இருக்கிறது. அப்படியானால் 216 வாட்ஸ்தானே? 450 எங்கே போனது என்று அம்மா கேட்கிறார்.

பெட்டியையும் திறந்தோம். கம்பளி இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு துண்டாக வந்தது. தெர்மல் பேஸ்ட் இன்னும் வாங்கவில்லை.

நீலத்திரை:

இரண்டு விஷயம், வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, லேன், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் பாதை. எச்81 மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் பிசிஐஇ 2.0. ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. 16 லேன் முழுவதையும் பயன்படுத்தும் கார்டுக்கு நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும். ஆனால் இப்போது வரும் விலை குறைந்த கார்டுகள் சிலவற்றில் 4 லேன்தான் இருக்கிறது: ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. உருவம் நீளமாக ஸ்லாட்டை நிரப்பினாலும் உள்ளே இணைப்பு நாலுதான். உங்கள் போர்டில் அது நொடிக்கு 2 ஜிபி. இவற்றின் நினைவகம் பெரும்பாலும் 4 ஜிபி. அது நிரம்பி, மிச்சத்தை ராமிலிருந்து இழுக்கும் நேரத்தில்தான் அந்தக் குறுகிய பாதை தெரியும். புது போர்டில் நன்றாக ஓடும் கார்டு பழைய போர்டில் திணறுவது இதனால்தான். இன்டெல் ஆர்க் கார்டுகளையும் இந்தப் பெட்டிக்கு யோசிக்க வேண்டாம். பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே சேர அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை அவை நம்பி இருக்கின்றன, நாலாம் தலைமுறை போர்டுகளில் அது கிடையாது.

இரண்டு, அந்த நீலக் கேபிள். புதுக் கார்டுகளில் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். மானிட்டரின் பின்னால் விஜிஏவுக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் அகலமான டிவிஐ சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் ஒன்று போதும். படத்துக்கான சிக்னல் இரண்டிலும் ஒன்றுதான், மாற்றிக் கொடுக்கும் பெட்டி எதுவும் தேவையில்லை. விஜிஏ மட்டும்தான் என்றால் சிக்னலை மாற்றும் சிறிய அடாப்டர் வாங்க வேண்டும், எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கார்டைப் போட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று தவிக்கும் பாதிப் பேரின் பிரச்சினை இங்கேதான்.

மின்கம்பி:

நீலத்திரைக்கு நன்றி, லேன் விஷயத்தை நான் எழுத விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: மிச்சம் 3.3-இலும் 5 வோல்ட்டிலும் போய்விட்டது, அங்கே அதைக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. வெட்டவெளியில் கார்டு தடை. உறைவதற்கு ராமும் டிஸ்கும் காரணம். நகரத்தில் பிராசசரும் கைகொடுக்க முடியாமல் நிற்கிறது, அதில் 97 டிகிரி சூட்டுக்கும் பங்கு இருக்கும்.

இப்போது பணத்தை எப்படிப் பிரிப்பது? நான் யாருக்குச் சொன்னாலும் ஒரு கேள்வியை வைத்துத்தான் சொல்வேன். இந்தப் பொருள் அடுத்த பெட்டிக்குக் கூட வருமா, இதோடு நின்றுவிடுமா? எஸ்எஸ்டி கூட வரும். எஸ்எம்பிஎஸ் கூட வரும். கார்டு கூட வரும். கேபினட்டும் வரும். டிடிஆர்3 ராம் வராது, ரைசன் 5 5600 போர்டுகளில் டிடிஆர்4, அதற்கு அடுத்தவற்றில் டிடிஆர்5. இந்த மதர்போர்டில் போடும் பிராசசர் வரவே வராது. கூட வருவதில் நல்லதாக வாங்குங்கள், நிற்பதில் கை இறுக்கமாக இருங்கள். இரவுப்பறவை சொல்லும் அந்த மாற்றத்தை நீங்கள் ஒரு வருடம் கழித்துச் செய்தாலும் இன்று போட்ட காசில் பெரும்பகுதி அதிலே போய் உட்காரும்.

முதலில் தெர்மல் பேஸ்ட், இரண்டாவது 8 ஜிபி ராம். ராமைப் பயன்படுத்தியதாகவே வாங்கலாம், டிடிஆர்3-ஐ இப்போது புதிதாக வாங்குவதில் அர்த்தம் இல்லை. 1600 வேகம், டெஸ்க்டாப் வகை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. இரண்டு கேமும் ஒவ்வொன்றும் 150 ஜிபி கேட்பவை, விண்டோஸும் சேர்ந்தால் 250 ஜிபி போதாது, 500 எடுங்கள். உங்கள் போர்டில் நாலு சாட்டா சாக்கெட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும், போர்டின் மேலேயே சிறியதாக எழுதியிருக்கும். எஸ்எஸ்டி அதில் போக வேண்டும். போர்டிலேயே செருகும் எம்.2 வகையை வாங்கிவிடாதீர்கள், இந்தப் போர்டில் அதற்கு இடம் இருக்காது.

இவற்றை மாற்றிவிட்டு ஒரு வாரம் விளையாடச் சொல்லுங்கள். கார்டை அதற்குப் பிறகு.

கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றாகத்தான். என் தேர்வு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. அது அதிகபட்சம் 132 வாட்ஸ். உங்கள் பிராசசருக்கு 84. கூட்டிப் பாருங்கள், 216. உங்கள் எஸ்எம்பிஎஸ் தருவதும் அதே 216. ஒரு ஃபேன் சுற்றுவதற்குக்கூட மிச்சமில்லை, அதுவும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்த எஸ்எம்பிஎஸ். ஆகவே 550 வாட்ஸில், 8 பின் வயர் தன்னிடமே உள்ள, 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரம்) சான்று வாங்கிய ஒன்று. இதை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் 6600-இல் 8 லேன்தான், உங்கள் போர்டில் நொடிக்கு 4 ஜிபி. கொஞ்சம் இழப்பீர்கள். 16 லேன் உள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் இந்தப் போர்டுக்கு இன்னும் பொருத்தம் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு. நான் ஏன் 6600 என்கிறேன் என்றால், 8 ஜிபி இருப்பதால் அந்தக் குறுகிய பாதையில் அடிக்கடி போக வேண்டி வராது. இன்னொன்று, 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025-இல் வந்த டூம் டார்க் ஏஜஸ் போன்றவை ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடுவதற்கானவை அல்ல. 1660 சூப்பரில் அது கிடையாது. 6600-இல் உண்டு, அந்த இரண்டு கேமின் குறைந்தபட்சப் பட்டியலிலும் அது பெயரோடு இருக்கிறது. உங்கள் இன்றைய பிராசசரில் அவை சரியாக ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பி ஒரு நாள் அவற்றைக் கேட்பான், அன்றைக்குக் கார்டை மறுபடி வாங்க வேண்டியிருக்காது.

புதுமுகம்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடமும் நாலாம் தலைமுறைப் பெட்டிதான். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதே, அதற்காகவாவது மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நீலத்திரை:

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தனியாக விளையாடும் கேம்கள் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆன்லைன் போட்டி கேம்கள்தான் சிக்கல். சிலவற்றில் ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள் செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி), டிபிஎம் எல்லாம் கேட்கிறது. நீங்கள் ஆடுவது அந்த ரகமா என்று பாருங்கள். வங்கி வேலையை அந்தப் பெட்டியில் செய்யாமல் இருப்பது நல்லது. லினக்ஸில் ஸ்டீமும், விண்டோஸ் கேம்களை அங்கே ஓட்டும் புரோட்டானும் போட்டுத் தனியாள் கேம்கள் பலவற்றை ஆடலாம், நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

வெள்ளிமீன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும் அல்லவா.

முதலில் பேஸ்ட். நாலாவது பின் "டக்" சொல்லவில்லை. கழற்றி மறுபடி செய்தோம், சொன்னது. செயின்ட் டெனிஸில் 97 ஆக இருந்த சூடு 72. அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. நடு இரவில் தம்பி விளையாடுவது இப்போது அம்மாவுக்குத் தெரிவதில்லை, அது வேறு பிரச்சினை.

ராமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகு, பழைய கார்டிலேயே, ஊருக்குள் நுழையும்போது உறைவது நின்றுவிட்டது. எஃப்பிஎஸ் அதே 28தான். ஆனாலும் தம்பி, "இதுவே போதும்க்கா" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. முன்பே கார்டை வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

போன வாரம் எஸ்எம்பிஎஸ்ஸும் ஆர்எக்ஸ் 6600-உம் போட்டோம். மானிட்டரில் வெள்ளை சாக்கெட் இருந்தது, கேபிள் ஒன்றோடு முடிந்தது. பழைய கார்டின் டிரைவரை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட்டோம். வெட்டவெளியில், செட்டிங்ஸ் நடுத்தரத்திலும் சில உயர்விலும் வைத்து 60 வருகிறது. மலை உச்சியில் நின்று கீழே இருக்கும் பள்ளத்தாக்கை ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு அந்த இடத்தில் வெறும் மங்கலான பச்சை மட்டும்தான் தெரிந்தது. இப்போது தூரத்தில் ரயில் போவது தெரிகிறது.

செயின்ட் டெனிஸில் மட்டும் 38-க்கும் 55-க்கும் இடையில் தாவுகிறது. கார்டு 60, 65-இல் நிற்கிறது, கோர்கள் நாலும் 100. நீங்கள் சொன்ன இரண்டாவது ரகம் இதுதானே அண்ணா? ஐ7-4770 போட வேண்டுமா?

மின்கம்பி:

அதே ரகம்தான், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உடனே வாங்க வேண்டாம். ரிவாட்யூனரில் எஃப்பிஎஸ் உச்சவரம்பு வைக்கும் இடம் இருக்கிறது. அதில் 40 என்று வையுங்கள், நகரத்துக்கு மட்டும். எண் குறைந்தாலும் தாவாமல் ஒரே சீராக வரும். கண்ணுக்குத் தெரியும் தொந்தரவு தாவுவதால் வருவது. கேமின் கிராபிக்ஸ் பக்கத்தில் வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 என்று படம் வரையும் முறைகள் இரண்டு இருக்கும், இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். எது சீராக இருக்கிறதோ அது.

பால்டர்ஸ் கேட்டில் அவன் மூன்றாம் பாகத்து நகரத்துக்குப் போய்ச் சேரும்போது பிராசசர் மறுபடி பிழியப்படும். அதற்குள் யாராவது பெட்டியைக் கலைக்கும்போது ஐ7-4770 கிடைத்தால், விலை மனதுக்குச் சரியென்று பட்டால் எடுங்கள். அதே 84 வாட்ஸ், அதே சாக்கெட், 8 த்ரெட். 4790 கிடைத்தால் முதலில் மதர்போர்டின் பயாஸ் மென்பொருளை மேம்படுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரையே வராமல் போகலாம். விலை அதிகம் சொன்னால் விட்டுவிடுங்கள், அந்தக் காசு அடுத்த மதர்போர்டுக்கு.

பழைய 750 டிஐயை விற்றுவிடாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் தனி மின் வயர் தேவையில்லை, எந்தப் பெட்டியிலும் படம் வராதபோது சோதித்துப் பார்க்க அதைவிட நல்லது கிடையாது. துடைத்து, ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள்.